பத்து விரல்களின் சாட்சி

என் கைவேலையில் குறை சொல்ல ஆள் பிறக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். கேட்டபோதெல்லாம் அத்தனை பேரும் "நல்லா இருக்குங்க" என்றார்கள். சொல்லிவிட்டுப் போனவர்கள் மறுபடி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை, அதுதான் சிக்கல்.

சிகிச்சை நிலையம் என் நாத்தனாருடையது. எண்ணெய் தேய்த்துத் தசை பிடித்துவிடுவது என் வேலை. அன்று காலை அவள் நோட்டிலிருந்து நிமிராமலே சொன்னாள்.

"அண்ணி, இன்னைக்கு வர்ற தபால்காரராவது திரும்பி வரணும். இல்லேன்னா உங்க ரூமை அந்த அக்குபங்சர் ஊசி வைத்தியருக்குக் குடுத்துடுவேன்."

எனக்குச் சுருக்கென்றது. அந்த அறையை விட்டால் தொழில் செய்ய எனக்கு வேறு இடம் கிடையாது.

தபால்காரர் இடது தோளில் பையைத் தொங்கவிட்டபடி வந்தார். "தோள் வலி" என்று ஆரம்பித்ததுமே, "பார்த்ததுமே தெரிஞ்சிடுச்சு, படுங்க" என்றேன். அவர் கட்டிலில் குப்புறப் படுத்து, முகம் வைக்க அதில் விட்டிருந்த ஓட்டையில் முகத்தைப் பொருத்திக்கொண்டார். இடது தோளை ஒரு கை பார்த்தேன்.

"வலிக்குதா?"

"இல்லைங்க. நல்லா இருக்கு."

பெருமையோடு துண்டைச் சரிசெய்யப் போனபோதுதான் அவர் கால்களைப் பார்த்தேன். பத்து விரல்களும் சுருண்டிருந்தன. தோளிலிருந்து கையை எடுத்தேன், விரிந்தன. வைத்தேன், சுருண்டன. வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை நாளும் வாய்ப்பேச்சை மட்டும் நம்பித் தொலைத்திருக்கிறேன்.

"வேற மாதிரி கேக்கறேன். மெதுவா பிடிக்கவா, அழுத்தியா? எந்த இடத்துல?"

ஓட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"மெதுவா. அப்புறம்... வலி வலது தோள்லங்க."

"பை இடது தோள்லதானே இருந்துச்சு?"

"வலது வலிக்குதுன்னுதான் இடதுக்கு மாத்துனேன்."

"இருபது நிமிஷமா ஏங்க சொல்லலை?"

"நீங்க இவ்வளவு பாடுபடறீங்க. சொல்ல மனசு வரலை."

சிரிப்பு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு, அவர் சொன்ன இடத்தில், சொன்ன அளவுக்குப் பிடித்துவிட்டேன். விரல்கள் விரிந்தே கிடந்தன.

போகும்போது அடுத்த வாரத்துக்கு நேரம் கேட்டார். "இனிமே ரெண்டு தோளையும் பார்க்கணுங்க" என்றார்.

நாத்தனார் குறித்துக்கொண்டாள். "ஊசிக்காரரை வேற இடம் பார்க்கச் சொல்லிடறேன், அண்ணி."

அன்று வீட்டில் கணவரிடம் கேட்டேன். "சாப்பாடு எப்படி?"

"நல்லா இருக்கும்மா."

பதினோரு வருடமாக இதே பதில். மெல்லக் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தேன். பத்தும் சுருண்டிருந்தன.

"உப்பு கூடவா, கம்மியா?" என்று கீழே இருந்தபடியே கேட்டேன்.