தானாகப் போனவர்

சித்தி பரீதா கேட்டது ஓர் அறை. உள்ளே பூட்டிக்கொள்ள ஒரு கதவு, அதன் பூட்டுக்குத் தன் கையில் ஒரு திறப்பு, வெள்ளிக்கிழமைகளில் மகள் வந்தால் உட்கார ஒரு கதிரை. வேறெதுவும் கேட்கவில்லை.

டவுனில் ஓர்ஸ் ஹில் பகுதியில் பெண்களுக்கு உதவும் ஒரு சிறிய நிலையத்தில் நான் சேர்ந்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. தங்க இடமில்லாமல் வருபவர்களின் விவரங்களைப் படிவத்தில் எழுதுவது என் வேலை. அன்று என் முன்னால் உட்கார்ந்திருந்தவரின் முழுப்பெயரே சித்தி பரீதா; சித்தி என்பது உறவுமுறை அல்ல.

“அடிச்சவங்களா ராத்தா?”

“இல்ல.”

“வீட்டை விட்டுப் போகச் சொன்னவங்களா?”

“அல்லாவே, இல்ல மகள். மருமகன் நல்ல பிள்ளை.”

கிண்ணியாவில் தன் வீட்டை ஒரே மகள் றுஷ்தாவுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை அங்கே குடிவந்தார். கணவர் இறந்த பிறகு சித்தி பரீதாவும் அவர்களோடுதான் இருந்தார். வீட்டில் இரண்டே அறைகள். மருமகனின் தம்பி கட்டாரில் வேலை போய்த் திரும்பி வந்தபோது தன் அறையை அவரே ஒழித்துக் கொடுத்துவிட்டுக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் படுத்தார்.

“அந்நிய ஆம்பிள இரிக்கிற வீட்டில முக்காட்டை எடுக்க ஒரு மூலை வேணும் மகள். ஒரு நாள் எண்டா பறவாயில்ல. மாசக்கணக்கில ஏலாது. வாய் திறந்து சொன்னா அந்தப் பொடியனை வெளியில அனுப்புவாங்க. அண்ணன் தம்பிக்குள்ள சண்டை. அதான் டவுனில ஒரு டொக்டர் வீட்டில சமைக்கப் போறன் எண்டு சொல்லிட்டு வந்தன்.”

அப்படி ஒரு டொக்டர் இல்லை. பகலில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்தார். இரவில் நோயாளிக்குத் துணை நிற்பவர்போல ஆஸ்பத்திரியில் ஆட்கள் உட்காரும் நீள வாங்கில் படுத்தார்.

“ஆருக்கு வருத்தம் எண்டு கேப்பாங்க. ஒரு நாள் மாமிக்கு, ஒரு நாள் மச்சாளுக்கு. இந்த மூணு மாசத்தில எண்ட சொந்தக்காரர் ஒருத்தரையும் நான் சுகமா இரிக்க விடல்ல.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“மகளுக்கு மட்டும் தெரியக் கூடாது. உம்மாவை ஆஸ்பத்திரியில போட்டவள் எண்டு ஊர் அவளைத்தான் ஏசும்.”

படிவத்தில் காரணத்துக்கு ஆறு கட்டங்கள் இருந்தன. வன்முறை, வெளியேற்றம், தீ, வெள்ளம், நீதிமன்ற உத்தரவு. கடைசிக் கட்டம், ‘தானாகப் போனவர்.’ நான் தாவரவியல் படித்தவள். எந்த வகையிலும் அடங்காத இலை ஒன்று கையில் கிடைத்தால் வகைப்பாட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கடைசிக் கட்டத்தில் அடையாளமிட்டேன். அப்படிப் போனவர்களுக்குக் காப்பகத்தில் இடம் கிடையாது. வேறு தங்குமிடம் இல்லை என்று சொந்த ஊரின் அரச அலுவலரான கிராம சேவகர் கடிதம் கொடுத்தால் நிலையத்திலிருந்து மூன்று மாத வாடகை கிடைக்கும்.

அறை சுலபமாகக் கிடைத்தது. மரியமலர் என்ற ஓய்வுபெற்ற தாதி தன் வீட்டின் பின்பக்க அறையைத் தர ஒப்புக்கொண்டார். கடிதம் மட்டும்தான் மிச்சம். அதற்காகக் கிண்ணியாவுக்கு பஸ் ஏறினேன்.

கிராம சேவகரின் அறைக்குள்ளேயே வரிசை நின்றது. மேசையருகே குனிந்து மெதுவாகச் சொன்னேன்.

“சத்தமாச் சொல்லுங்க பிள்ளை. ஃபேன் சத்தத்தில ஒண்டும் கேக்கல்ல.”

பெயரைச் சொன்னேன்.

“சித்தி பரீதாவா? அவட வீட்டை மகளுக்குக் குடுத்திட்டு டவுனில டொக்டர் வீட்டில ராசாத்தி மாதிரி இரிக்கா. இடமில்ல எண்டு நான் எப்பிடி எழுதித் தாற?”

“எங்களுக்கும் அப்பிடி ஒரு டொக்டரைப் பாத்துத் தாங்க மிஸ்,” என்றாள் பின்னால் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

தனியாகப் பேச வேண்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க அந்த ஒரு வரி எனக்கு வரவில்லை. வேறு வரி வந்தது.

“டொக்டர் வீடு எண்டு ஒண்டும் இல்ல சேர். அவ ஆஸ்பத்திரி வாங்கில படுக்கிறா.”

சிரிப்பு நின்றது. அவர் உடனே கடிதம் எழுதித் தந்தார். திரும்பும்போது பஸ் பாலத்தின் மேல் போனது. கடிதம் பையில் இருந்தது. நான் சந்தோசமாக இருந்தேன் என்பதை இப்போதும் மறக்க முடியவில்லை.

மறுநாள் காலை சித்தி பரீதா வந்தார். கூடவே கைக்குழந்தையுடன் றுஷ்தா. அவள் கண்கள் வீங்கியிருந்தன. வரிசையில் நின்றவர்கள் வாயால் விஷயம் வீட்டுக்கு எட்டி, முந்தின நாள் பின்னேரமே மருமகன் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்கு வந்து மாமியாரை அழைத்துப் போய்விட்டாராம்.

“பேரை வெட்டிவிடுங்க மகள்,” என்றார் சித்தி பரீதா.

“அறை கிடைச்சிட்டுது ராத்தா. இண்டைக்கே போகலாம்.”

“எப்பிடி மகள் போற? இனி நான் வெளியில கால் வச்சா, துரத்திட்டாங்க எண்டுதான் கதை வரும். நேத்து அந்திக்கே நாலு வீட்டில கேட்டுட்டாங்க.”

“மருமகன்ட தம்பி?”

“அவனும் அங்கதான். நான் குசினியில.”

றுஷ்தா என்னைப் பார்த்தாள். “எனக்கிட்டத் தனியா வந்து ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே மிஸ்.”

சித்தி பரீதா அவள் கையைப் பிடித்து அழுத்தினார். “விடு. அந்தப் பிள்ளை நல்லதுக்குத்தான் செஞ்சது.”

றுஷ்தா சத்தமாக ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவர்கள் போன பிறகு மரியமலருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“அறையைக் கூட்டிக் கழுவி வச்சிருக்கிறன் பிள்ளை. ஆள் எப்ப வாறா?”

“அவ வரமாட்டா அன்ரி. வீட்டுக்குப் போயிட்டா.”

“மகளோடயா? அப்ப நல்லதுதானே.”

“ஓம் அன்ரி,” என்றேன்.