டைமரில் இரண்டு பல்

ஐந்து மணிக்கு எழுகிறேன். குளித்து, இஸ்திரி போடாத சட்டையை மாட்டுகிறேன். ஆராய்ச்சிக் கூடத்துக்கு இருபது நிமிட நடை. ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தொட்டி அறைக்கு வெளியே நிற்கிறேன். ஆறு மணிக்கு உள்ளே விளக்கு தானாக எரிந்த பிறகுதான் கதவைத் திறக்கலாம். தண்ணீரின் சூடு, உப்பு இரண்டையும் நோட்டில் எழுதுகிறேன். நேற்றுத் தின்னாமல் விட்ட சிப்பிச் சதையை வலையால் அள்ளுகிறேன். பிறகு குனிந்து, கண்ணாடி வழியாக ஒவ்வொரு பெண் சிங்கி இறாலின் வயிற்றுக்கடியிலும் முட்டை இருக்கிறதா என்று பார்க்கிறேன். இல்லை. இல்லை என்று எழுதுகிறேன்.

இது என் மனைவியின் ஆராய்ச்சி. அவள் இறந்து ஏழு வாரம் ஆகிறது.

பெண் இறாலின் கண் காம்பில் ஒரு ஹார்மோன் சுரக்கிறது. முட்டையை முதிரவிடாமல் பிடித்து வைப்பது அதுதான். பண்ணைகளில் ஒரு கண்ணை வெட்டிவிடுவார்கள். முட்டை வரும், தாய் அதிக நாள் தாங்காது. வெட்டவே வேண்டாம், பகலை நீட்டினால் போதும், அந்த ஹார்மோனின் மரபணு தானே அடங்கும் என்றாள் அவள். பன்னிரண்டு மணி நேர வெளிச்சத்தில் தொடங்கி, வாரம் அரை மணி கூட்டி, பதினாறில் நிறுத்துவது திட்டம்.

அவளுடைய அண்ணன்தான் இங்கே தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறார். இன்று வாளியோடு வந்து நின்றார்.

"மாப்ள, இயக்குநர் அம்மா சொல்லிட்டாங்க. பத்து வாரம் பாத்தாச்சாம். வெள்ளிக்கிழமை கண்ண வெட்டிடணுமாம். வெட்டப்போறது யாரு? இந்தப் பாவிதான்."

"வெட்ட வேணாம் மச்சான்."

"நான் என்ன ஆசப்பட்டா வெட்டுறேன்? தங்கச்சி போனதுலேர்ந்து நான் பேசுறதக் காது குடுத்துக் கேக்குறதே இந்த மீசக்காரிங்கதான்."

"வாங்க, அம்மாகிட்ட போலாம்."

இயக்குநர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். மேசையில் என் தாளை விரித்தேன். வாரம் ஒரு இறாலை எடுத்து அந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்திருந்தோம். நூறு, எண்பத்தொன்று, அறுபத்திரண்டு, நாற்பத்தைந்து. பிறகு ஏழு வாரமும் நாற்பத்தைந்தை ஒட்டியே.

"பாதியில நின்னுபோச்சு. அதத்தான் நானும் சொல்றேன்," என்றார்.

"நின்னது மரபணு இல்ல மேடம். வெளிச்சம். டைமர் இன்னும் பதிமூணரை மணி நேரத்துலதான் இருக்கு. மூணு வாரம் அவ கூட்டினா. அதுக்கப்புறம் கூட்ட வேண்டியவன் நான். கூட்டல."

மச்சான் வாளியைக் கீழே வைத்தார்.

"ஏழு வாரமா? மறந்துட்டீங்களா?"

"மறக்கல."

இயக்குநர் பக்கம் திரும்பி, தாளில் விரலை வைத்தேன்.

"கூட்டினப்பல்லாம் எறங்கியிருக்கு. கூட்டாதப்ப அசையல. இதவிட நல்ல சாட்சி நாம திட்டம் போட்டிருந்தாலும் கெடைச்சிருக்காது. இன்னும் அஞ்சு வாரத்துல பதினாறு தொட்டுடும். முட்டை வரும்."

"வரலைன்னா?"

"வரும் மேடம்."

தாளை இன்னொரு முறை பார்த்தார். "எட்டு வாரம் தரேன். அப்பவும் வரலைன்னா கத்திய நானே எடுத்துக் குடுப்பேன்."

படியிறங்கும்போது மச்சான் முணுமுணுத்தார். "என்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல. நான் மாத்தியிருப்பேனே."

"நான்தான் மாத்தணும்."

டைமர் உப்புத்தண்ணீர் தெறிக்காத உயரத்தில், கதவுக்கு மேலே இருக்கிறது. வட்டத்தைச் சுற்றிச் சின்னச் சின்னப் பற்கள். ஒரு பல் கால் மணி நேரம். அவள் குள்ளம், ஸ்டூல் போட்டுத்தான் ஏறுவாள். அந்தத் திங்கட்கிழமையும் ஏறி இரண்டு பல்லைத் தள்ளினாள். வீட்டுக்குப் போகும் வழியில் லாரி மோதியது. அவள் தள்ளிய கடைசிப் பல், விளக்கு அணையும் நேரமான இரவு ஏழரையில் நிற்கிறது. அதற்கு அடுத்ததை நான் தள்ளிவிட்டால் அது கடைசியாக இருக்காது. இவ்வளவுதான் காரணம்.

எனக்கு ஸ்டூல் தேவையில்லை. கையை நீட்டினேன். இரண்டு பல். எட்டு மணி.

அன்று இறங்கி, செருப்பைக் காலால் துழாவிக்கொண்டே அவள் சொன்னாள்: "அடுத்த வாரத்துலேர்ந்து நீ தள்ளு. இவ்வளவு நெட்டையா வளந்து என்ன பிரயோஜனம்?"