புளி போட்டுத் தேய்த்த ரோமக் காசு

மணல் சலிக்கிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சல்லடையில் தங்குகிற கிளிஞ்சல், ஆணி, செல்லாத காசு எல்லாம் சலித்தவளுக்குத்தான். மேஸ்திரிகூடக் கேட்க மாட்டார். முதுநகரில் ஒரு மாடிவீட்டுப் பூச்சு வேலையில் ரோசிக்கு அந்தக் காசு அப்படித்தான் கிடைத்தது. சுண்டுவிரல் நகத்தளவு, பச்சை ஏறிக் கிடந்தது.

மாதா கோயில் திருவிழாவுக்கு முன்னால் பித்தளை மெழுகுவத்தித் தண்டுகளைத் தேய்ப்பது அவள் பொறுப்பு. அதே கையோடு காசையும் புளி போட்டுத் தேய்த்தாள். பச்சை போய், இறக்கை வைத்த ஓர் உருவமும் பக்கத்தில் சிலுவை மாதிரி ஒன்றும் தெரிந்தன.

கோயில் பீடத்தில் நிற்கிற தேவதூதர்தான் என்று நினைத்து, "சம்மனசு!" என்று தெரு முழுக்கக் காட்டினாள்.

சிதம்பரத்தில் பழங்காசுக் கண்காட்சி. கண்டெடுத்தவர் பெயரை அட்டையில் எழுதிக் காசோடு வைக்கிறார்களாம். ரோசி கலவை சுமந்து எழும்பிய வீடுகள் ஊரெல்லாம் நிற்கின்றன. ஒன்றிலும் அவள் பெயர் இல்லை. இந்த அட்டையிலாவது வந்தாக வேண்டும். குடிகாட்டில் கம்பெனி வேலை பார்க்கும் புருஷன் லூயிசை லீவு போட வைத்து பஸ் ஏறினாள்.

கீழவீதி மண்டபத்தில், கண்காட்சி நடத்தும் பழனிவேல் லென்சு வைத்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"எத போட்டும்மா தேச்ச?"

"புளிதான் சார்."

"ரோமானிய வெண்கலக் காசும்மா இது. ஆயிரத்து அறுநூறு வருஷத்துப் பச்சைய ஒரு எலுமிச்சங்கா அளவு புளியில கழுவிட்டியே! அந்தப் பச்சதான் பழங்காசுக்கு மதிப்பே. இத கண்ணாடிப் பெட்டியில வெச்சா என்னயக் கேலி பண்ணுவாங்க."

லூயிசு சிரித்தான். "நல்லவேள, சாம்பல் போடல சார் இவ."

"நீ வாய மூடு," என்றாள் ரோசி. "சார், சம்மனசு எவ்ளோ தெளிவா நிக்குது பாருங்க. உங்க பெட்டியில இருக்கறதெல்லாம் மூஞ்சே தெரியல."

"சம்மனசு இல்லம்மா. சிலுவ இந்தக் காச அடிச்ச ராஜாவோட மத அடையாளம், அது சரிதான். ஆனா இது வெற்றித் தேவதை. சண்டையில புடுங்கின கவசத்த ஒரு கையால தோள்ல சாத்திட்டுப் போறா. இன்னொரு கையில பாரு, தோத்தவன் ஒருத்தனத் தரதரன்னு இழுத்துட்டுப் போறா."

ரோசி லென்சைப் பிடுங்கிப் பார்த்தாள். இழுபடுகிறவனின் மடங்கிய முட்டிகூடத் தெரிந்தது. ஊரில் என்ன சொல்வது என்று ஒரு நொடி யோசித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"சம்மனசு இல்லன்னா போவுது. ஒரு பொம்பள ஆம்பளைய இழுத்துட்டுப் போறா. இத வெக்க மாட்டீங்களா? கெட்டுப்போச்சுன்னே எழுதுங்க. யார் கெடுத்தாங்கன்னும் எழுதுங்க. பேரு மட்டும் வுட்டுடாதீங்க."

பழனிவேல் அவளையும் காசையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் அட்டையை எடுத்து எழுதினார்: ரோமானிய வெண்கலக் காசு. கைதியை இழுக்கும் வெற்றித் தேவதை. கண்டெடுத்தவர், புளியிட்டுத் தேய்த்துச் சேதப்படுத்தியவர்: ரோசி, கடலூர் முதுநகர்.

சாயங்காலம்வரை அவள் அந்தப் பெட்டியை விட்டு நகரவில்லை. வந்தவர்களெல்லாம் அங்கேதான் குனிந்தார்கள். மற்றக் காசுகளில் உருவம் தேட வேண்டியிருந்தது.

"யாரும்மா இந்த ரோசி?" என்று ஒருவர் கேட்டார்.

"நான்தான்," என்றாள் அவள், மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி.