சீமோன் நடக்காமல் விட்ட கடைசித் துண்டு

1

இந்தக் கதையில் நான் கண்ணால் கண்டது ஒரே ஒரு காட்சிதான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு கோடை. ரொறன்ரோவிலிருந்து வடமேற்கே போகும்போது வழி தவறி, காட்டோரத்தில் கார்கள் நிறுத்தும் ஒரு மண்தரையில் போய் நின்றேன். அங்கே ஒரு தமிழ்ப் பெண். வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். பஞ்சாபி உடுப்பும் ஆண்கள் போடும் சப்பாத்துமாகக் குந்தியிருந்து, ஒரு கபில நிற நாயின் கால்களைப் பழைய சாரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"காரை ஊத்தையாக்கினா அவர் என்னைத்தான் ஏசுவார். மற்றக் காலைத் தா."

நாய் மற்றக் காலைத் தந்தது.

நான் அவருடைய பெயரைக் கேட்கவில்லை. அந்த 'அவர்' யார் என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதை எழுதும் தொல்லை எனக்கு வந்திராது. இனி வருவதெல்லாம் என் கற்பனை. அந்தப் பெண்ணுக்குச் சந்திரவதனா என்று பெயர் வைத்துவிட்டேன். கதைக்குள் வந்துவிட்டபடியால் இனி அவள் என்றே சொல்லப்போகிறேன், குறை நினைக்க வேண்டாம்.

2

சில தொடக்கங்களை எழுதிப் பார்த்தேன்.

"பனி கொட்டிக்கொண்டிருந்தது." ரொறன்ரோவில் எழுதப்படும் தமிழ்க் கதைகளில் பனி கொட்டாத கதையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். போதும்.

"ஜிம்மி குரைத்தது." எங்கள் ஊர் நாய்களில் பாதிக்கு ஜிம்மி என்றும் மீதிக்கு ரைகர் என்றும் பெயர், ஆகவே பெயரில் பிழை இல்லை. ஆனால் இந்த ஜிம்மி குரைக்காது. நாய்க் காப்பகத்தில் இருந்து எடுத்து வந்த நாளிலிருந்து ஒருமுறைகூடக் குரைத்ததில்லை. (ஏன் என்று எனக்கும் தெரியாது. சில நாய்கள் அப்படித்தான்.)

"சீமோனுக்கு வயிற்றில் அல்சர் என்று சந்திரவதனா சொன்னபோது

இந்த வாக்கியம் இப்படியே நின்றுவிட்டது. மேற்கோள் குறியைக்கூட மூட முடியவில்லை. ஆனாலும் கதை இதற்குள்தான் கிடக்கிறது, ஆகவே வெட்டாமல் விடுகிறேன்.

3

சீமோன் அவளுடைய கணவர். மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், சரக்குப் பெட்டிகள் இறக்கும் கொட்டகையில் வேலை. வீடு நகரின் கிழக்கு ஓரத்தில், ரூஜில். பிள்ளைகள் இல்லை. அவர் கத்தோலிக்கர், அவள் சைவம். கலியாணத்தின்போது இரண்டு வீட்டாரும் போட்ட சண்டையைப் பற்றித் தனிக் கதையே எழுதலாம். இருபத்தைந்து வருடத்தில் மிஞ்சியது ஒன்றே ஒன்று: வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் மச்சமாமிசம் இல்லை, நாய்க்கும் இல்லை. சீமோன் பின்கதவடியில் வைத்து ஜிம்மிக்கு இரகசியமாகக் கோழித் துண்டு கொடுப்பார். சந்திரவதனா அதைக் காணாதவள் போல இருந்துவிடுவாள்.

நயாகராவுக்குப் பக்கத்தில் தொடங்கி, காடும் மலையோரமும் பழத்தோட்டமுமாகப் போய், வடக்கே ரொபர்மோரி என்ற சின்னத் துறைமுகத்தில் முடிகிறது புறூஸ் நடைபாதை. எண்ணூறு கிலோமீற்றர் அளவில் வரும். மரங்களில் வெள்ளைக் கோடு அடித்திருக்கும். ஒரு கோடு என்றால் நேரே போ, இரண்டு கோடு என்றால் பாதை திரும்புகிறது. யாரும் இதை ஒரேயடியாக நடப்பதில்லை. துண்டு துண்டாக நடப்பார்கள். ஒரு காரைத் துண்டின் தொடக்கத்திலும் இன்னொன்றை முடிவிலும் விடுவது வழக்கம். சீமோனிடம் இருந்தது ஒரு கார். ஆகவே ஒவ்வொரு துண்டையும் போய், அதே வழியால் திரும்பியும் நடந்தார்.

"ஊரெல்லாம் ஒருக்கா நடக்கிற பாதையை நானும் ஜிம்மியும் ரெண்டு தரம் நடக்கிறம்," என்பார் பெருமையாக.

[இந்த இடத்தில் ஒரு பந்தி எழுதி வெட்டினேன். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணம் முழுக்க மூட்டை முடிச்சோடு இடம்பெயர்ந்து நடந்ததே, சீமோனுடைய தமக்கையும் அதில் நடந்தவள், அந்தத் துயரத்தில்தான் அவர் நடக்கத் தொடங்கினார் என்று எழுதியிருந்தேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் அதற்கு முன்பே நடக்கத் தொடங்கிவிட்டார். தமக்கை இடம்பெயர்ந்த செய்தி வந்த பிறகு ஒரு குளிர்காலம் முழுக்கச் சப்பாத்தைத் தொடவில்லை, அது உண்மை. மற்றப்படி அவர் நடந்தது நடக்கப் பிடித்ததால். தமிழன் சும்மா நடப்பானா என்று கேட்பவர்கள் ஒருநாள் நடந்து பார்க்கட்டும்.]

4

தொண்ணூற்றேழு சித்திரையில் சீமோனுக்கு வயிற்று வலி வந்தது. ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் முடிந்தபின் வைத்தியர் அவரிடமே கேட்டார், முடிவை உங்களிடம் சொல்லவா என்று. சீமோன் மனைவியைக் காட்டினார். "எல்லாத்தையும் அவவிட்டைச் சொல்லுங்கோ. அவ எனக்குச் சொல்லுவா."

வைத்தியர் அவளைப் பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கணையத்தில் புற்றுநோய், பரவிவிட்டது, வெட்டிப் பயனில்லை, கிறிஸ்மஸைத் தாண்டுவது சந்தேகம் என்றார். அவள் திரும்பி வந்து சீமோனின் பக்கத்தில் இருந்து, அவருடைய சேட்டுப் பொத்தானைச் சரிசெய்தாள்.

"அல்சராம். குளிசை போட்டா ஆறியிடுமாம்."

இதை எங்கள் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீடுகளில் நோயாளிக்குத் தெரியாமல் நோயை ஊருக்கெல்லாம் தெரிவித்துவிடுவோம். பார்க்க வருபவர்களைச் சந்திரவதனா வாசலிலேயே மறித்து, "அவருக்குத் தெரியாது, ஒண்டும் கேட்டுப்போடாதேங்கோ," என்பாள். அவர்கள் திராட்சைப் பழமும் பால்மாப் பேணியுமாக உள்ளே போய், கலியாண வீட்டில் கதைப்பதைப் போலச் சத்தமாகச் சிரித்துக் கதைப்பார்கள். போகும்போது வாசலில் நின்று கண்ணைத் துடைப்பார்கள். இது பாசம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். இது சரி என்று சொன்னாலும் வருவேன்.

5

சீமோனால் நடக்க முடியவில்லை. ஜிம்மி கதவடியில் சப்பாத்துக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தது. பாதையில் வடக்குப் பக்கத்துத் துண்டுகள் கொஞ்சம்தான் மீதி.

"நீர் கூட்டிக்கொண்டு போமன்," என்றார் சீமோன்.

"நானோ? எனக்கு நாயெண்டாலே பயம்."

"ஜிம்மி நாயில்லை. ஜிம்மி ஜிம்மி."

அவள் போனாள். அவருடைய சப்பாத்துக்குள் இரண்டு சோடி காலுறை போட்டுக்கொண்டு போனாள். வீட்டில் பக்கத்துத் தெருச் சந்திரிக்கா இருந்து பார்த்துக்கொள்வாள். (இனி இந்தச் சந்திரிக்கா வரமாட்டாள். யாராவது வீட்டில் நிற்க வேண்டுமே என்பதற்காகச் செய்தேன்.) மாலையில் திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் இருந்து, போன வழியைச் சொல்ல வேண்டும். முதல் தடவை, "மரம். பிறகும் மரம். ஒரு பாலம்," என்றாள். சீமோன் விடவில்லை. என்ன மரம், பாலத்துக்குக் கீழே தண்ணி ஓடினதோ, ஜிம்மி எங்கே நின்று மோந்து பார்த்தது என்று குடைந்து குடைந்து கேட்டார். அடுத்த தடவை அவளுக்குக் கண் தானாகவே பார்க்கத் தொடங்கியது.

பாதை மாட்டு வேலிகளைக் கடக்கும் இடங்களில் மரப்படி வைத்திருப்பார்கள். சீமோன் நாலு வருடமும் ஜிம்மியைத் தூக்கிக்கொண்டுதான் ஏறி இறங்கினவர்.

"உம்மாலை தூக்க ஏலாதே. எப்பிடிக் கடந்தனீர்?"

"நான் படியாலை ஏறினன். அது வேலிக்குக் கீழாலை பூந்து அங்காலை வந்து நிண்டுது."

சீமோன் நாயைப் பார்த்தார். "அட கள்ளா! நாலு வருஷமா என்னைக் கொண்டு தூக்குவிச்சனியோ?" சொல்லிச் சிரித்தார். வலிக்க வலிக்கச் சிரித்தார். அவளும் சிரித்தாள், சிரித்தபடியே சமையலறைக்கு எழுந்து போனாள்.

சந்திரவதனா அந்தக் கோடையில் சந்தோஷமாக இருந்தாள் என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இருந்தாள். காட்டில் அவள் யாருக்கும் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

6

பொய்க்கும் சாப்பாடு போட வேண்டும் என்பது அவளுக்கு ஆவணியில்தான் விளங்கியது. அல்சர்காரருக்கு உறைப்புக் கூடாது. ஆகவே மாதக்கணக்கில் பால்கறி, சொதி, மாக்கஞ்சி. உயிரோடு இருக்கப்போகும் கொஞ்ச நாளில் மனுசன் ஆசைப்பட்டுக் கேட்டது நண்டுக் கறி ஒன்றுதான்.

"அல்சருக்கு ஆகாதப்பா."

சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய், தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். வீட்டுக்கு வரும் தாதியிடம் கேட்டபோது, அவர் விரும்பியதைக் கொடு என்றாள். கொடுக்கலாம். ஆனால் நண்டைக் கொடுத்தால் அல்சர் போய்விடும், அல்சர் போனால் மற்ற நோயின் பெயர் வெளியே வந்துவிடும்.

அவள் வேறு வழி கண்டுபிடித்தாள்.

"டொக்டர் சொன்னவர், அல்சர் ஆறியிட்டுதாம். உறைப்புச் சாப்பிடலாமாம்."

நண்டு வந்தது. சீமோன் ஒரு காலை மட்டும் உடைத்துச் சூப்பினார், அதற்குமேல் முடியவில்லை. ஆனால் முகம் தெளிந்திருந்தது.

"ஆறியிட்டுதெண்டா நல்லதுதானே. சந்திரா, அந்தக் கடைசித் துண்டை மட்டும் நடக்காமல் விடும். சைப்பிரஸ் ஏரியிலை இருந்து ரொபர்மோரி வரைக்கும். வாற மே மாதம் நானே வந்து நடக்கிறன்."

ஒரு கறிக்காகச் சொன்ன பொய் மே மாதம் வரை நீண்டுவிட்டது. அவள் "ஓம்" என்றாள். வேறென்ன சொல்வாள்?

7

ஐப்பசி. மற்றத் துண்டுகள் எல்லாவற்றையும் சந்திரவதனா நடந்து முடித்துவிட்டாள். சீமோன் கட்டிலை விட்டு எழும்புவதில்லை. இனி அவரை விட்டுத் தூரம் போகாதே என்று தாதி வாசலில் வைத்துச் சொல்லிவிட்டுப் போன அன்று பின்னேரம், சீமோன் கூப்பிட்டார்.

"சந்திரா, நாளைக்கு நீர் போய் அந்தக் கடைசித் துண்டை நடந்திட்டு வாரும்."

"அது உங்கடையெல்லே. மே மாதம் வாறனெண்டு சொன்னனீங்கள்."

"சொன்னனான்தான். இப்ப நீர் போம்."

"ஏன் இப்ப அவசரம்?"

"ஸ்னோ விழுந்தா ஏலாது. அது எப்பிடி முடியுதெண்டு எனக்குக் கேக்கோணும். முடியிற இடத்திலை கல்லாலை ஒண்டு கட்டி வைச்சிருக்கினமாம். ஏரிதானாம், ஆனா கடல் மாதிரிக் கிடக்குமாம். பாத்திட்டு வந்து சொல்லும்."

ரொபர்மோரி போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். நடுவில் போய்த் திரும்பும் நடை. விடிய முதல் வெளிக்கிட்டால் நடுச்சாமத்தில்தான் வீடு. அதற்குள் என்னவும் நடக்கலாம். போகமாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார். அந்த ஏனுக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு, அதைத்தான் அவள் சித்திரையிலிருந்து விழுங்கி வைத்திருக்கிறாள்.

8

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அவள் போகிறாள். ஜிம்மியோடு கல்லுக்கு முன்னால் நிற்கிறாள், ஏரி கடலைப் போலக் கிடக்கிறது. ஓடோடி வருகிறாள். வீட்டு வாசலில் கார்கள் நிற்கின்றன. (கண்ணீர் நிச்சயம். ஆனால் அவளை இப்படித் தண்டிக்க அவள் என்ன செய்தாள்? கிழித்துவிட்டேன்.)

அவள் போகவில்லை. சந்தியில் இருக்கும் தேநீர்க் கடையில் நாள் முழுக்க இருந்துவிட்டு வந்து, நடந்த மாதிரியே ஒரு துண்டைக் கட்டிச் சொல்கிறாள். (இரண்டு பக்கம் எழுதினேன். சந்திரவதனா மறுத்துவிட்டாள். நோயைப் பற்றி அத்தனை பொய் சொன்னவள், பாதையைப் பற்றி ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. அவளுக்கும் அவருக்கும் நடுவில் சுத்தமாக மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.)

சீமோனுக்கு முதல் நாளிலிருந்தே எல்லாம் தெரியும். (இது எழுத்தாளனுக்கு வசதியான முடிவு. அவள் எதுவும் சொல்லாமலே தப்பிவிடலாம். அவருக்குத் தெரிந்திருக்கலாம், மே மாதத்தை அவர் விட்டுக்கொடுத்த விதத்தைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் தெரிந்திருப்பது வேறு, அவள் வாயால் கேட்பது வேறு. எல்லாவற்றையும் அவளிடம் சொல்லச் சொன்னவர் அவர்.)

9

"போறதுக்கு என்ன?" என்று சீமோன் மறுபடி கேட்டார்.

கார் பழுது. நாளைக்கு மழையாம். ஜிம்மிக்குக் கால் நோ. எல்லாம் அவள் வாயில் தயாராக இருந்தன. இத்தனை மாதப் பழக்கம். அவள் ஒன்றையும் எடுக்கவில்லை. கட்டில் ஓரத்தில் இருந்து, அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பயம்தான், வேறொன்றுமில்லை.

"நான் போகேல்லை," என்றாள்.

"ஏன்?"

அவளுடைய அடுத்த வாக்கியத்தை எத்தனையோ விதமாக எழுதினேன்.

"டொக்டர் அண்டைக்கு எனக்குச் சொன்னது" வெட்டினேன்.

"அது அல்சர் இல்லையப்பா, அது" வெட்டினேன்.

"நான் போய் வாறதுக்கிடையிலை நீங்கள்" இதை வெட்ட மனம் வரவில்லை, முடிக்கவும் வரவில்லை.

என்னால் முடியாது. நானும் அவளுடைய ஆள்தான். என் வீட்டிலும் இப்படித்தான் ஒருவரை ஒன்றும் சொல்லாமல் அனுப்பிவைத்தோம், அதைப் பாசம் என்றே இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறோம். உங்கள் வீட்டிலும் ஒருவருக்குச் சொல்லாமல் வைத்திருக்கும் வாக்கியம் ஒன்று இருக்கும். அதைக் கொண்டுவந்து இந்த இடத்தில் வையுங்கள். திருத்தமாக இருக்க வேண்டியதில்லை, மெல்லிய குரலில் என்றாலும் போதும். அவள் அவருடைய கையை விடாமல் பிடித்திருக்கிறாள்.

சொல்லுங்கள். சீமோன் விழித்துத்தான் இருக்கிறார்.