லிச்கேட் வீட்டார்

குழந்தை கிடைத்து இருபத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. கெசாயா தன் மகன்கள் குடித்த பழைய புட்டியில் அதற்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தாள்.

தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில், கூரைக்கு அடியில், சவப்பெட்டியை இறக்கிவைக்க ஒரு கல் உண்டு. குழந்தை அதன்மேல்தான் கிடந்தது. அந்த வாசலுக்குப் பெயர் லிச்கேட். கெசாயாவின் கணவன் ஈனாக்கின் குடும்பப் பெயரும் அதுதான். இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டம் முழுக்கத் தேடினாலும் அந்தப் பெயர் இந்த ஒரு வீட்டில்தான் இருந்தது. மூன்று மகன்களும் பிரான்சுக்குச் சண்டைக்குப் போனார்கள். ஒருவனும் திரும்பவில்லை. குழிவெட்டும் ஈனாக்கோடு பெயர் முடிந்துவிடும்.

பாதிரியார் பெல் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நாளைக்குக் காலையில அநாதை விடுதி வண்டி வருது, ஈனாக். அதுக்கு முன்னாடி ஞானஸ்நானம் கொடுக்கணும். கிடைச்ச இடத்தோட பேரை வைக்கிறது இந்தச் சபை வழக்கம். நீங்களே வளர்க்கறதா இருந்தா வண்டியைத் திருப்பி அனுப்பிடலாம். பேரும் பொருந்துது."

"என் பேரு தெருவுல கிடந்த பேரு இல்லைங்கய்யா. மடத்துத் தலைவரு எங்க முப்பாட்டன் கையில வாசல் சாவியக் குடுத்து வச்ச பேரு."

"அந்த வாசலுக்குப் பூட்டே இல்லையேப்பா."

"அப்ப இருந்திருக்கும்."

பாதிரியார் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டார். ஈனாக் சிரிக்கவில்லை.

"ஸ்டோன்னு வைங்க. கல்லுலதான கிடந்துச்சு. என் பசங்க செத்தது அந்தப் பேரோட. எவனோ பெத்துப் போட்டதுக்கு அதத் தூக்கிக் குடுக்கணுமா? வண்டி வரட்டும்."

அந்த வீட்டு ஆண்கள் சாவிக் கதை கேட்டு வளர்ந்தவர்கள். வாசலைக் கடக்கும்போதெல்லாம் தொப்பியைக் கழற்றுவார்கள். பெண்களுக்கு வேறொரு கதை இருந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் மாமியார் அதை மருமகளிடம் சொல்லி, ஆண்கள் காதில் போடமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொள்வாள். கெசாயாவும் சத்தியம் செய்தவள். அவளுக்குச் சொல்ல மருமகள் வாய்க்கவில்லை.

"சரி, ஸ்டோன்னே இருக்கட்டும்." பாதிரியார் எழுந்தார்.

குழந்தை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது.

"இருங்கய்யா," என்றாள் கெசாயா. பிறகு கணவனைப் பார்த்தாள். "உங்க அம்மா என்கிட்ட ஒண்ணு சொன்னாங்க. அவங்களுக்கு அவங்க மாமியார் சொன்னது."

"பொம்பளைங்க பேச்சு இப்ப எதுக்கு?" ஈனாக்கும் எழுந்தான்.

"உக்காருங்க."

முப்பத்தைந்து வருடத்தில் அவள் அந்தக் குரலில் பேசியதில்லை. அவன் உட்கார்ந்தான்.

"மடத்துத் தலைவரும் இல்ல, சாவியும் இல்ல. உங்க தாத்தாவோட அப்பாவ யாரோ ராத்திரியோட ராத்திரியா அந்த வாசல்லதான் போட்டுட்டுப் போனாங்க. பெத்தவங்க யாருன்னே தெரியாத புள்ளைக்குச் சபை வச்ச பேருதாங்க உங்க பேரு."