சூரியன் சாயுமுன் ஒரு டூயட்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தில், காதல் டூயட் பாடுவதற்காகத் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வந்த குசுமாவின் கையில் ஒரு தூக்குச்சட்டி இருந்தது. உள்ளே எலுமிச்சம்பழச் சோறும் வாழைக்காய் வறுவலும். ஜைன நயினார் வீட்டுப் பெண். பொழுது சாய்ந்துவிட்டால் ஒரு பருக்கை வாயில் படக்கூடாது. மத்தியானத்துக்குள் பாடிவிட்டு, சாப்பிட்டு, பஸ் ஏறிவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

நினைப்பைக் கெடுத்தது ரயில். கேசட் கடை ராஜாமணி தன் கடையின் பின்னறைச் சுவரெல்லாம் சாக்கு அடித்து, அதற்கு ஸ்டுடியோ என்று பெயர் வைத்திருந்தார். இடம் ஜங்ஷனுக்கு நேர் பின்னால். அன்று விழுப்புரத்தைக் கடந்த ரயில்கள், இந்தியாவில் இருக்கும் மொத்த ரயில்களைவிட அதிகம். சரணம் எடுக்கும்போதெல்லாம் ஓர் எஞ்சின் கூவும். ராஜாமணி தலையில் அடித்துக்கொண்டு, பல்லவியிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார். வயிறு நிறைந்தால் குரல் படுத்துவிடும் என்பது அவர் சித்தாந்தம். ஆகவே தூக்குச்சட்டியைப் பிடுங்கி, குசுமாவின் கண்ணெதிரே ஆர்மோனியப் பெட்டிமேல் வைத்துவிட்டார்.

கூடப் பாட வந்த அருள்நாதன், மாதா கோயில் பாடகர் குழுவின் தலைவர். வழுக்கை, தொந்தி, கட்டிக்கொடுத்த மூன்று மகள்கள். ஈஸ்டர் வரைக்கும் தவக்காலம் என்று கறி, மீன் கவிச்சியெல்லாம் விட்டிருந்தார். விட்டவருக்கு வாய்த்ததோ பிரியாணிக் கடைக்குப் பக்கத்துச் சுவர். மசாலா வதக்கினார்கள், தம் போட்டார்கள், திறந்தார்கள். ரயில் சத்தத்தையே தடுக்காத சாக்கு, வாசனையையா தடுக்கும்?

ஜன்னலில் வெயில் மஞ்சளித்தது.

"ஜல்தி எடுங்கண்ணே. பொழுது போய்க்கினே கீது. போச்சுன்னா நாளைக்குக் காலையிலதான் எனக்குச் சோறு" என்றாள் குசுமா.

அப்போதுதான் ரயிலே வராத ஓர் அதிசய இடைவெளி விழுந்தது. 'மஞ்ச வெயில் மலையேறுதே, மன்னவனே கை எட்டலையே' என்று தூக்குச்சட்டியைப் பார்த்து அவள் பாடினாள். 'வாசம் மட்டும் வருகுதடி, வாடி நெஞ்சு உருகுதடி' என்று சுவரைப் பார்த்து அருள்நாதன் பாடினார். தபேலாக்காரர் கண்ணைத் துடைக்கப் போய்த் தாளத்தை விட்டார். கடைசி வரி முடிந்ததுதான் தாமதம், குசுமா சட்டிமேல் பாய்ந்தாள். கெடார் பக்கம் சூரியன் முழுசாக இறங்குவதற்குள் வறுவலின் கடைசித் துண்டு உள்ளே போய்விட்டது.

பாட்டு பற்றிக்கொண்டது. டீக்கடை, டவுன் பஸ், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை காயும் களம் எங்கும் அதுதான். ஓடிப்போகக் கிளம்பிய காதலர்கள், பாட்டு முடியட்டும் என்று நின்று பஸ்ஸைத் தவறவிட்டு, வீட்டாரிடம் மாட்டிக்கொண்டார்கள். ஒரு சொட்டு மழையில்லாமல் பனமலை ஏரி நிரம்பியது. எல்லாம் கேட்டவர்கள் விட்ட கண்ணீர்.

வினை அங்கேதான் முளைத்தது. செஞ்சிப் பக்கத்து மல்லாட்டை வியாபாரி குணபத்திரனுக்குக் குசுமாவை நிச்சயம் செய்திருந்தார்கள். அவளுக்கு அவனை ரொம்பவே பிடித்திருந்தது. அவன் தாயார் பத்மாம்பாள் பாட்டைக் கேட்டாள். கேட்ட கையோடு மகனையும் இழுத்துக்கொண்டு திண்டிவனம் வந்து இறங்கிவிட்டாள்.

"இப்பிடி உருகுற பொண்ணு மனசுல எவனோ கீறான். யாருன்னு சொல்லிடும்மா, கல்யாணத்த நிறுத்திக்கிலாம்."

"சோறுங்க அத்தை" என்றாள் குசுமா. அழுகை முட்டியது.

"சோத்துக்கு எவளாவது இப்பிடி அழுவாளா?"

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பாடிப் பார்த்துவிடலாம் என்று, ஆளனுப்பி அருள்நாதனை வரவழைத்தார்கள். ஈஸ்டர் போய்விட்டிருந்தது; அவர் தவக்காலப் பாக்கியை வட்டியோடு தின்று தீர்த்துக்கொண்டிருந்த சமயம். குசுமாவோ இலை போட்டு உட்கார்ந்து, சாம்பார், ரசம், மோர் என்று ஒரு கை பார்த்தாள். பிறகு இருவரும் பாடினார்கள். மன்னவன் வந்தால் வரட்டும், வராவிட்டால் பேப்பர் படிக்கலாம் என்கிற மாதிரி இருந்தது குரல். நெஞ்சு உருகவேண்டிய இடத்தில் அருள்நாதன் கொட்டாவி விட்டார்.

பத்மாம்பாள் முகம் மலர்ந்தது. வெறும் பசிதான், நல்ல குடும்பத்துப் பெண்தான் என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். வாடியது குணபத்திரன் முகம் மட்டும். கேசட் தேயுமளவுக்கு அதைக் கேட்டவன் அவன். கல்யாணத்தன்று பழைய மாதிரி பாடமுடியாதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

குசுமா யோசித்தாள். "அதுக்கென்னாங்க. பந்திய லேட் பண்ணிக்கிலாம்."

அப்படியே செய்தார்கள். மத்தியானப் பந்தி சாயங்காலமாயிற்று. இலை போட்டுப் பரிமாறிவிட்டு, பாட்டு முடிந்த பிறகுதான் கை வைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். செஞ்சிச் சீமை நயினார்கள் அத்தனை பேரும் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு கண்ணை ஜன்னல் வெயிலிலும் ஒரு கண்ணைச் சோற்றிலும் வைத்திருந்தார்கள். மணக்கோலத்தில் குசுமா ஆரம்பித்தாள். இரண்டாவது வரியில் மண்டபமே சேர்ந்துகொண்டது.

எல்லாரையும்விட உருகிப் பாடியவள் பத்மாம்பாள். கன்னத்தில் கண்ணீர் வழிய, எதிரிலிருந்த பாயசத்தைப் பார்த்து, 'மன்னவனே கை எட்டலையே' என்றாள்.