இர்மேலா கேட்ட எடை

புற்றுநோய் சிகிச்சை முடிந்து இர்மேலாவுக்குத் தலைமுடி திரும்ப வளர்ந்துவிட்டது. விரல் நுனிகளில்தான் உணர்வு திரும்பவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுவதற்கு அது தடையாக இல்லை. ஞாயிறு காலை கிராமத்துத் துப்பாக்கி சுடும் கழகத்தில்தான் வம்பு.

ஐம்பது மீட்டர் தள்ளியிருக்கும் அட்டையைப் பார்த்துப் படுத்து, மூச்சை அடக்கி, டிரிகரில் விரலை வைப்பாள். தொட்டோமா இல்லையா என்று தெரிவதற்குள் தோட்டா போய்விடும். பதினெட்டு வருஷம் நட்டநடுவில் இருக்கும் பத்தாம் வளையத்தை விடாமல் துளைத்தவள், இப்போது ஆறாம் வளையத்தில் துளை போட்டுக்கொண்டிருந்தாள்.

"அட்டையைச் சல்லடையாக்கி மாவு சலிக்கப் போறியா?" என்றான் அணித்தலைவன் கெரோல்ஃப். அவள் சிரிக்கவில்லை. அவன் குரலைத் தணித்தான். "உன் டிரிகர் ரொம்பப் பழசு இர்மேலா. புதுசு போடு. எவ்வளவு லேசோ அவ்வளவு நல்லது. என்னோடது வெறும் எண்பது கிராம் அழுத்தத்துலயே வெடிக்கும்."

மறுவாரம் ராய்ட்லிங்கன் நகரத்தில் துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆன்னெகிரெட்டிடம் போனாள். இருப்பதிலேயே லேசானதைக் கேட்டாள். ஆன்னெகிரெட் அதைப் பொருத்தி, தோட்டா இல்லாத ரைஃபிளைப் பட்டறை மேசைமேல் வைத்துக் கொடுத்தாள். இர்மேலா விரலைக் கொண்டுபோனாள். டக். மறுபடியும் வைத்தாள். மறுபடியும் டக்.

"நான் இன்னும் அழுத்தவே இல்லைங்க!" ரைஃபிளைத் தள்ளி வைத்தாள். "பேசாம வித்துடலாமா?"

ஆன்னெகிரெட் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். கோப்பையைக் கெட்டியாகப் பிடித்திருந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்த இர்மேலா திடீரென்று நிமிர்ந்தாள்.

"என் பஸ்ல கதவு பட்டன் ரொம்பக் கெட்டி. அதை மட்டும் பார்க்காமலே அழுத்துறேன். அழுத்தம் மணிக்கட்டு வரைக்கும் தெரியுது. இதையும் அப்படிக் கெட்டியாக்க முடியுமா?"

"கெட்டியாவா?" ஆன்னெகிரெட் வாய்விட்டுச் சிரித்தாள். "இந்தக் கடைக்கு வர்றவங்க எல்லாரும் குறைங்க, குறைங்கனுதான் உயிரை எடுப்பாங்க. கூட்டச் சொன்ன முதல் ஆள் நீங்கதான்!"

இரண்டு கட்டமாக இயங்கும் டிரிகர் ஒன்றை எடுத்தாள். முதலில் கொஞ்சம் தளர்வாக நகரும்; பிறகு சுவரில் முட்டியதுபோல் நிற்கும்; அதையும் தாண்டி அழுத்தினால்தான் வெடிக்கும். அந்தச் சுவரை நானூறு கிராமுக்கு ஏற்றினாள். நுனிக்குப் பதில் விரல் மடிப்பு படும்படி அகலமான டிரிகர் நாக்கு ஒன்றையும் மாட்டினாள். இர்மேலா அழுத்தினாள். சுவர் எங்கே இருக்கிறது என்று மணிக்கட்டு சொன்னது. நிறுத்தினாள். நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தாள்.

பக்கத்து ஊரோடு நடந்த போட்டிக்கு முன் கெரோல்ஃப் அவளுடைய புது டிரிகரைத் தோட்டா இல்லாமல் இழுத்துப் பார்த்தான்.

"ஏம்மா, இது டிரிகரா, டிராக்டர் கிளட்சா?"

"உனக்கு விரல்ல தெம்பு பத்தலைன்னு சொல்லு."

முதல் பத்துத் தோட்டாவில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. அடுத்ததில் தொண்ணூற்று நான்கு. கடைசிப் பத்தில் தொண்ணூற்றெட்டு. அணி மூன்று புள்ளியில் தோற்றது. ஆனாலும் கெரோல்ஃப் அவளுடைய அட்டைகளை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தான்.

"ஜூன்ல மாவட்டப் போட்டி. உன் பேரை எழுதட்டுமா?"

"எழுது. டியூட்டியை மாத்திக்கிறேன்" என்று சொல்லி, ரைஃபிளைத் துடைக்க உட்கார்ந்தாள் இர்மேலா.